பாதிச் சமையலை ஃப்ரீசரில் வையுங்கள்

இரவு ஏழரைக்கு வீடு திரும்பி எட்டரைக்குள் எல்லோருக்கும் சாப்பாடு போட வேண்டியவர்களுக்கு ஃப்ரீசர் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? வாசகர்கள் கேட்டவையும் எங்கள் சமையல் பகுதியின் பதில்களும்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை சாம்பார், குருமா, கத்திரிக்காய்க் கூட்டு எல்லாம் செய்து டப்பா டப்பாவாக ஃப்ரீசரில் வைத்தேன். புதன்கிழமை எடுத்துச் சுடவைத்தால் காய் கரைந்துவிட்டது, குருமா திரிந்தது போல ஆகிவிட்டது, உருளைக்கிழங்கைக் கடித்தால் தண்ணீர்தான் வருகிறது. எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது?
— வாசகி, தாம்பரம்

பதில்: நீங்கள் வைத்த மூன்றுமே ஃப்ரீசருக்கு ஆகாதவை. காய்க்குள் இருக்கும் தண்ணீர் உறையும்போது ஐஸ் ஊசிகளாகி அதன் சுவர்களைக் கிழிக்கிறது. ஏற்கெனவே வெந்து மெத்தென்றிருக்கும் கத்திரிக்காய், வெண்டை, புடலை, பீர்க்கங்காய், சௌசௌ எல்லாம் உருகும்போது கூழாகிவிடும். முருங்கைக்காயில் நார் மட்டும் மிஞ்சும். வெந்த உருளைக்கிழங்கில் மாவுச்சத்து ஒரு பக்கமும் தண்ணீர் ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடும். தேங்காய் அரைத்துவிட்ட குருமா, தேங்காய்ப்பால் சேர்த்த சொதி, மோர்க்குழம்பு ஆகியவை உருகியதும் திரிதிரியாக நிற்கும். சாப்பிட்டால் கெடுதல் இல்லை, ஆனால் சாப்பிடத் தோன்றாது.

நம் சமையலில் நேரம் பிடிப்பது பருப்பு வேகவைப்பது, கடலை ஊறவைத்து வேகவைப்பது, வெங்காயம் தக்காளி வதக்குவது, மாவு பிசைந்து தேய்ப்பது ஆகியவைதான். காய் வேகப் பத்து நிமிடம், தாளிக்க இரண்டு நிமிடம், தேங்காய் அரைக்க மூன்று நிமிடம். முதல் வகையை ஃப்ரீசரில் வையுங்கள், இரண்டாவதை அன்றன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முழுச் சாப்பாட்டையும் உறையவைத்து எடுத்து நீட்டும் வழக்கம் ஓவனில் கேக் போல வேகும் சாப்பாட்டுக்குப் பொருந்தும். நமக்கு அது வேண்டியதில்லை.

முதலில் வெங்காயம், தக்காளி வதக்கல். பெரிய வெங்காயம் 1 கிலோ, நாட்டுத் தக்காளி 1 கிலோ, இஞ்சி 60 கிராம், பூண்டு 60 கிராம், எண்ணெய் 100 மில்லி. வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, அடிகனமான பாத்திரத்தில் மிதமான தீயில் பொன்னிறமாகும்வரை வதக்க 20 முதல் 25 நிமிடம் ஆகும். இஞ்சி பூண்டு விழுதைப் போட்டுப் பச்சை வாசனை போனதும் தக்காளியைச் சேர்த்து, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்வரை இன்னும் 20 நிமிடம் வதக்குங்கள். தண்ணீர் வற்றாமல் அவசரப்பட்டு இறக்கினால் பாக்கெட்டில் ஐஸ்தான் அதிகம் சேரும். மஞ்சள்தூளும் பாதி அளவு உப்பும் போதும். இது ஏறக்குறைய 1.2 கிலோ வரும். 200 கிராம் வீதம் ஆறு பாக்கெட். ஒரு பாக்கெட் நாலு பேருக்கான குருமாவுக்கோ, சன்னா மசாலாவுக்கோ, அரைக்கிலோ கோழிக்கோ, முட்டைக் கிரேவிக்கோ சரியாக இருக்கும்.

அடுத்தது பருப்பு. துவரம்பருப்பு 400 கிராமைக் கழுவி, 1.2 லிட்டர் தண்ணீர், மஞ்சள்தூள், ஒரு டீஸ்பூன் எண்ணெய் சேர்த்துக் குக்கரில் நாலு விசில். மசித்து நாலு பங்காக்குங்கள். ஒரு பங்கு நாலு பேருக்கான சாம்பாருக்குப் போதும். அன்று செய்ய வேண்டியது புளித்தண்ணீரில் சாம்பார்பொடி போட்டுக் காயை வேகவைத்து, பருப்பை உறைந்த கட்டியாகவே அதில் போட்டுக் கொதிக்கவிட்டுத் தாளிப்பது மட்டும்தான்.

மூன்றாவது, கொண்டைக்கடலை, ராஜ்மா, காய்ந்த மொச்சை. அரைக்கிலோ வெள்ளைக் கொண்டைக்கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்து வேகவைத்தால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும். அதை வெந்த தண்ணீரோடு சேர்த்து வையுங்கள். தண்ணீரை வடித்துவிட்டு வைத்தால் தோல் காய்ந்து சுருங்கிவிடும்.

பெருங்காயம், கறிவேப்பிலை, கொத்தமல்லி, தாளிப்பு எதையும் முன்கூட்டியே சேர்க்காதீர்கள். உறைந்து கிடக்கும்போது மிளகு, கிராம்பு, பூண்டு இவற்றின் காரமும் கசப்பும் ஏறும். உப்பின் சுவை மங்கும். அதனால் கரம்மசாலாவை அன்றைக்கே போடுவது நல்லது. உப்பையும் கொதித்த பிறகு ருசி பார்த்துச் சேர்க்கலாம்.

கேள்வி: எங்களிடம் இருப்பது ஒற்றைக்கதவு ஃப்ரிட்ஜ். மேலே இருக்கும் சின்ன ஐஸ் பெட்டியில் இதெல்லாம் எத்தனை நாள் இருக்கும்?
— வாசகர், திருச்சி

பதில்: பெட்டியின் கதவில் நட்சத்திரக் குறி இருக்கிறதா பாருங்கள். மின்சாரச் சிக்கனத்துக்கு ஒட்டியிருக்கும் நட்சத்திர ஸ்டிக்கர் வேறு, இது வேறு. ஒரு நட்சத்திரம் என்றால் மைனஸ் 6 டிகிரி, உணவு ஒரு வாரம் தாங்கும். இரண்டு என்றால் மைனஸ் 12, ஒரு மாதம். மூன்று என்றால் மைனஸ் 18, மூன்று மாதம். குறி எதுவும் இல்லாவிட்டால் ஒரு கப் ஐஸ்கிரீமை ஒரு நாள் உள்ளே வைத்துப் பாருங்கள். கரண்டி லேசாக இறங்கினால் அந்தப் பெட்டியை ஒரு வாரச் சேமிப்புக்கு மட்டும் நம்பலாம். தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது.

ஒற்றைக்கதவு ஃப்ரிட்ஜில் சுவரில் ஐஸ் படியும். அரை சென்டிமீட்டர் தாண்டினால் குளிர் உள்ளே சேராது. டீஃப்ராஸ்ட் பித்தானை அழுத்திக் கரையவிடுங்கள். கத்தியால் குத்தாதீர்கள், உள்ளே ஓடும் குழாயில் ஓட்டை விழுந்தால் கேஸ் போய்விடும்.

இரட்டைக்கதவு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: ஃப்ரீசரையே ஃப்ரிட்ஜாக மாற்றிக்கொள்ளும் ‘கன்வெர்ட்டிபிள்’ மாடல்களில், விருந்தாளி வருகிறார்கள் என்று யாராவது பித்தானை மாற்றிவிட்டால் மாதச் சேமிப்பு முழுவதும் ஒரே இரவில் உருகிவிடும். பித்தான் மேல் ஒரு டேப் ஒட்டிவிடுவது நல்லது.

கேள்வி: சூடாக ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது என்பதால் குழம்பை ராத்திரி முழுக்க மேடையிலேயே ஆறவிட்டுக் காலையில் உள்ளே வைக்கிறேன். சரிதானே?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இல்லை. இந்தப் பக்கத்துக்கு வந்த கேள்விகளிலேயே உடனே மாற்றிக்கொள்ள வேண்டியது இதுதான்.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே கிருமிகள் வேகமாகப் பெருகும். குழம்பு கொதித்தபோது செத்தவை போக, சில பாக்டீரியாக்களின் விதைகள் கொதியைத் தாண்டி உயிரோடு நிற்கும். சோற்றில் பெருகும் பேசில்லஸ் செரியஸ் அதில் ஒன்று. வெதுவெதுப்பான சோற்றில் அது முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கிவிட்டால், மறுபடி கொதிக்கவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. ஃப்ரீசரும் கிருமியைக் கொல்லாது, பெருகாமல் நிறுத்தி மட்டும் வைக்கும். நீங்கள் எந்த நிலையில் உள்ளே வைத்தீர்களோ அதே நிலையில்தான் வெளியே வரும்.

சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும். அறை வெப்பம் 32 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. அதாவது நம் ஊரில் மார்ச் முதல் செப்டம்பர் வரை பெரும்பாலான பகல்கள்.

செய்முறை கடினமில்லை. குக்கரிலிருந்து அகலமான தாம்பாளத்துக்கோ பேசினுக்கோ மாற்றி, மூன்று விரற்கடைக்கு மேல் ஆழம் இல்லாமல் பரப்புங்கள். அதைத் தண்ணீர் நிரப்பிய பெரிய அன்னக்கூடைக்குள் வைத்து, இரண்டு தட்டு ஐஸ்கட்டியைத் தண்ணீரில் போடுங்கள். ஐஸ் இல்லாத குழாய்த் தண்ணீர் நம் ஊரில் முப்பது டிகிரிக்கு வரும், அதற்குக் கீழே இறங்காது. இடையிடையே கிளறினால் ஒரு கிலோ பருப்பு அரை மணி நேரத்தில் கைபொறுக்கும் சூட்டையும் தாண்டி ஆறிவிடும். பிறகு பாக்கெட் போட்டு, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு ஃப்ரீசருக்கு மாற்றுங்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் திணிக்காதீர்கள். 60 லிட்டர் ஃப்ரீசர் ஒரு நாளில் சுமார் 2 கிலோ புதுச் சரக்கைத்தான் ஒழுங்காக உறையவைக்கும். ஐந்து கிலோவைத் திணித்தால் எல்லாமே மெதுவாக உறையும், ஐஸ் ஊசிகள் பெரிதாகும், ஏற்கெனவே உறைந்திருந்தவையும் இளகும். சனிக்கிழமை பாதி, ஞாயிறு பாதி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சப்பாத்தியைச் சுட்டு அடுக்கி ஃப்ரீசரில் வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிய்கிறது. சில சமயம் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. கடையில் விற்பது மட்டும் எப்படி நன்றாக இருக்கிறது?
— வாசகி, மதுரை

பதில்: ஒட்டுவதற்குக் காரணம் ஆறாமல் அடுக்கியது. நீராவி இரண்டு சப்பாத்திக்கு நடுவே தண்ணீராகி, ஐஸாகி, பசைபோல் பிடித்துக்கொள்கிறது. நொறுங்குவதற்குக் காரணம் முழுதாகச் சுட்டது, அல்லது கவரில் காற்று இருந்தது. கடைக்காரர் பாதிதான் சுடுகிறார்.

ஒரு கிலோ கோதுமை மாவு, சுமார் 650 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், 3 டேபிள்ஸ்பூன் எண்ணெய், உப்பு. பிசைந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். 48 முதல் 50 கிராம் உருண்டைகளாக உருட்டினால் 34 சப்பாத்தி வரும். நன்கு காய்ந்த கல்லில் ஒரு பக்கத்துக்கு 20 விநாடி. நிறம் மாறி, சின்னக் கொப்புளம் எழுந்தால் போதும், பழுப்புப் புள்ளி விழக் கூடாது. துணியின் மேல் தனித்தனியாகப் பரப்பி முழுக்க ஆறவிடுங்கள். இரண்டுக்கு நடுவே ஒரு பட்டர் பேப்பர் வைத்து, ஓர் இரவுக்கு வேண்டியதை மட்டும் ஒரு ஜிப் கவரில் போட்டு, கையால் அழுத்திக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். ஒரு மாதம் இருக்கும். சுடும்போது இளகவைக்க வேண்டாம், ஃப்ரீசரிலிருந்து நேராகக் கல்லுக்கு. பரோட்டாவுக்கும் இதே முறைதான், ஆனால் மிதமான தீயில் மூடிபோட்டு ஆரம்பித்தால்தான் நடுவில் குளிர் நிற்காது.

இட்லியும் இடியாப்பமும் இதைவிட எளிது. வெந்து ஆறியதும் தட்டில் ஒன்றையொன்று தொடாமல் வைத்து இரண்டு மணி நேரம் உறையவிட்டு, பிறகு கவரில் போடுங்கள். இட்லியை உறைந்தபடியே இட்லிப் பானையில் வைத்தால் 8 முதல் 10 நிமிடம், இடியாப்பம் 5 நிமிடம். வேண்டிய எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பதால் பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது பெரிய உதவி.

சோறும் உறையவைக்கலாம், பலர் இதை நம்புவதில்லை. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்த சோறு விறைப்பதற்குக் காரணம், உறைநிலைக்குச் சற்று மேலே மாவுச்சத்து மிக வேகமாக இறுகுவதுதான். ஃப்ரீசரில் அந்த நிலையை விரைவாகத் தாண்டிவிடுவதால் சோறு மென்மையாகவே திரும்பி வரும். வடித்த சோற்றை உடனே தட்டில் பரப்பி ஆற்றி, ஒரு ஆள் அளவாகத் தட்டைப் பாக்கெட் போடுங்கள். ஒரு கை தண்ணீர் தெளித்து ஆவியில் சுடவைத்தால் எலுமிச்சைச் சாதத்துக்கும் தக்காளிச் சாதத்துக்கும் நன்றாக இருக்கும். ரசம் சாதத்துக்குப் புதிதாக வடிப்பதே மேல்.

கேள்வி: கண்ணாடிப் பாட்டிலில் ரசத்துக்குத் தக்காளிச் சாறு நிரப்பி வைத்தேன், வெடித்துவிட்டது. எவர்சில்வர் டப்பா போதுமா? ஹோட்டல் பார்சல் டப்பாக்கள் நிறையச் சேர்ந்திருக்கின்றன.
— வாசகி, சேலம்

பதில்: தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். கழுத்துக் குறுகிய பாட்டிலில் அது மேலே போக வழியில்லை. நேர்ச்சுவர் உள்ள அகலவாய் ஜாடியில் மேலே ஓர் அங்குலம் விட்டு நிரப்பினால் வெடிக்காது. எவர்சில்வர் நல்லதுதான், ஆனால் சாதாரண மூடி காற்றை உள்ளே விடும். சிலிக்கான் வளையம் வைத்த மூடி உள்ளதை வாங்குங்கள். பார்சல் டப்பா வேண்டவே வேண்டாம். மெல்லிய பிளாஸ்டிக் குளிரில் விறைத்து, எடுக்கும்போது மூலையில் உடையும்.

இடம் குறைவான ஃப்ரீசருக்கு ஜிப் கவர்தான் சிறந்தது. கவரைத் தட்டில் படுக்கவைத்து இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி உறையவையுங்கள். உறைந்த பிறகு புத்தகங்களை அடுக்குவது போல நிறுத்தி வைக்கலாம். டப்பாவில் கட்டியாக உறைந்த அரைக்கிலோ கிரேவி அரை நாள் கழித்தும் நடுவில் ஐஸாக இருக்கும், தட்டையாக உறைந்தது வாணலியில் ஐந்து நிமிடத்தில் இளகும். பெயர், தேதி, எத்தனை பேருக்கு என்பதை நிரப்புவதற்கு முன்பே எழுதுங்கள். குளிர்ந்து ஈரமான கவரில் மார்க்கர் பிடிக்காது. உறைந்த பிறகு வதக்கலுக்கும் பூண்டுத் தொக்குக்கும் வித்தியாசம் தெரியாது.

கேள்வி: ஃப்ரீசரில் இருந்த கோழித்துண்டுகளில் வெள்ளையாக, காய்ந்த திட்டுகள் இருந்தன. கெட்டுவிட்டதா?
— வாசகர், ஈரோடு

பதில்: கெடவில்லை, காய்ந்திருக்கிறது. கவருக்குள் இருந்த காற்றில் ஐஸ் நேராக ஆவியாகிப் போன இடங்கள் அவை. அந்தப் பகுதி சக்கையாக இருக்கும், வெட்டிவிட்டு மீதியைக் குழம்பு வைக்கலாம். பனி படியாத ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜில் இது அதிகம் வரும், அது அவ்வப்போது தானே சூடாகி ஐஸைக் கரைத்துக்கொள்வதால். காற்றை எடுத்துவிட்டு மூடுவதும், இரண்டு மாதத்துக்குள் தீர்ப்பதும்தான் மருந்து.

கேள்வி: தேங்காய் அரைத்த மீன்குழம்புதான் எங்கள் வீட்டில் வாரம் நாலு நாள். இதற்கு ஃப்ரீசர் உதவுமா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: வைத்த குழம்பை உறையவைத்தால் மீன் உதிரும், தேங்காய் திரியும். அரைப்பை மட்டும் வையுங்கள். தேங்காய், மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள், சின்ன வெங்காயம் எல்லாவற்றையும் குறைந்த தண்ணீரில் மையாக அரைத்து, 200 கிராம் கட்டிகளாக ஒரு மாதம் வரை வைக்கலாம். கொதிக்கவைக்காத அரைப்பு, கொதித்த குழம்பு அளவுக்குத் திரியாது. புளியும் மாங்காயும் அன்றைக்கு. துருவிய வெறும் தேங்காய் இரண்டு மூன்று மாதம் நிற்கும்.

மீனைக் கழுவி, துடைத்து, ஒரு குழம்புக்கு வேண்டிய அளவாகத் தட்டையாக உறையவையுங்கள். சாளை, அயிலை போன்ற எண்ணெய் மீன்களை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். மீனின் எண்ணெய் குளிரிலும் சிக்குவாடை பிடிக்கும். நெய்மீன் துண்டு இன்னும் கொஞ்சம் தாங்கும். பொரிக்க மசாலா தடவி வைப்பதானால் உப்பைக் குறையுங்கள், உப்பு மீனின் தண்ணீரை இழுத்து வெளியே விட்டுவிடும்.

கேள்வி: மழைக்காலத்தில் மின்சாரம் போனால் எல்லாம் வீணாகிவிடுமே என்று பயமாக இருக்கிறது.
— வாசகி, வேளச்சேரி

பதில்: கதவைத் திறக்காவிட்டால், நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரம் குளிரைப் பிடித்து வைத்திருக்கும், பாதி நிரம்பியது 24 மணி நேரம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் 2 வரை நிறுத்துவதால் ஒன்றும் ஆகாது. கவலைப்பட வேண்டியது 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது உங்கள் பக்கம் நடந்தது போல நாள்கணக்கில் போகும்போதுதான். புயல் எச்சரிக்கை வந்ததும் காலி இடத்தில் முக்கால்வாசி தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை வைத்து உறையவிடுங்கள்.

ஊருக்குப் போய்விட்டு வருபவர்களுக்கு ஒரு வழி: ஒரு கிண்ணத் தண்ணீரை உறையவைத்து அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பியதும் நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. கிண்ணத்தின் அடியில் போயிருந்தால், இடையில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது, இறைச்சி, மீன், பருப்பு எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டியதுதான். மின்சாரம் வந்தபோது பாக்கெட்டுக்குள் இன்னும் ஐஸ் துகள் தென்பட்டால் மறுபடி உறையவிடலாம், ருசி கொஞ்சம் குறையும்.

கேள்வி: காலையில் வெளியே எடுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போனால் இரவுக்குள் இளகியிருக்குமே?
— வாசகர், ஓசூர்

பதில்: இளகும், கூடவே பத்து மணி நேரம் வெயில் சூட்டில் கிடக்கும். முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள், கசியாமல் அடியில் ஒரு தட்டு வையுங்கள். மறந்துவிட்டால், கசியாத கவரை அப்படியே குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி அரை மணிக்கொரு முறை தண்ணீரை மாற்றுங்கள். கிரேவியும் பருப்பும் என்றால் இளகவே வேண்டாம், வாணலியில் கால் டம்ளர் தண்ணீர் விட்டு, கட்டியைப் போட்டு, மூடி, சின்னத் தீயில் ஆரம்பித்து நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். ஒருமுறை இளகிச் சுடவைத்ததை மறுபடி உறையவைக்க வேண்டாம். அதனால்தான் சின்னப் பாக்கெட்.

கேள்வி: தோசைமாவு மிஞ்சினால் ஃப்ரீசரில் வைக்கலாமா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: புளித்த மாவை வைக்கலாம், தோசைக்கு மட்டும். உறையும்போது மாவிலிருந்த காற்றுக்குமிழிகள் அடங்கிவிடும், புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களும் சோர்ந்துவிடும். இட்லி ஊற்றினால் தட்டையாக வரும். டப்பாவில் கால் பங்கு இடம் விட்டு வைத்து, முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். ஊற்றுவதற்கு முன் ஒரு கரண்டி பச்சரிசி மாவு கலந்தால் முறுகலாக வரும்.